அம்பாளுக்குக் கார் ஓட்டிய ஆவுடையப்பர்

மருதங்குறிச்சி ஜமீன் அரண்மனையின் கார்க் கொட்டகையில் ஆவுடையப்பர் வேலை பார்த்தார். கார் துடைப்பதும் கார் ஓட்டுவதும் அவர் பணி. ஓட்டுவது எப்போதாவது. துடைப்பது நாள்தோறும்.

விடியும் முன்பே எழுந்து ஊருணியில் குளிப்பார். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு கொட்டகையைத் திறப்பார். முன்பக்கத்தை ஒரு துணியால் துடைப்பார். பின்பக்கத்துக்கு வேறு துணி. பின்கதவைத் திறக்குமுன் துண்டை எடுத்து வாயைக் கட்டிக்கொள்வார். மூச்சுக் காற்று உள்ளே படக் கூடாது என்பது அவர் எண்ணம். கருவறையில் பட்டர் அப்படிச் செய்வதைத் தொலைவில் நின்று பார்த்திருந்தார். முழங்கால்களைத் தரையில் ஊன்றி, கையை மட்டும் நீட்டி, பின் இருக்கையைத் தூசி தட்டுவார். ஒருநாளும் அதன்மேல் சாய்ந்ததில்லை. கையை ஊன்றியதுகூட இல்லை. வேலை முடிந்ததும் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, கைகூப்பி ஒரு நிமிடம் நிற்பார்.

அந்தக் கார் அப்படிப்பட்டது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து தூத்துக்குடியில் இறங்கியது. அந்தக் காலத்தில் பெரிய கார்களுக்கு எஞ்சினும் அடிச்சட்டமும் ஒரு கம்பெனியில் செய்வார்கள். மேலே வைக்கும் உடம்பை வேறொரு பட்டறையில், வாங்குகிறவர் கேட்டபடி கையால் செய்து பொருத்துவார்கள். ஜமீன்தார் கேட்டது யாரும் கேட்காதது. பின்பக்கக் கூரை முன்பக்கத்தைவிட ஒரு சாண் உயரமாக இருக்க வேண்டும். பின்கதவு அகலமாகத் திறக்க வேண்டும். கட்டில் அகலத்துக்கு இருக்கை வேண்டும், அதில் தோல் கூடவே கூடாது, இலவம் பஞ்சு வைத்துப் பச்சை வெல்வெட்டில் தைக்க வேண்டும். பட்டறைக்காரர்களுக்குக் காரணம் புரிந்திருக்காது. சொன்னபடி செய்து அனுப்பினார்கள். நிறமும் கரும்பச்சை.

காரணம் மரகதவல்லி அம்பாள். ஊர்க் கோயிலின் அம்பாள் ஆண்டுக்கு ஒருமுறை, ஐப்பசியில், தாமிரபரணியில் தீர்த்தவாரி நீராடப் போவாள். பன்னிரண்டு மைல் தொலைவு. ஒரு மழை வருடத்தில் பல்லக்குத் தூக்கிகள் சேற்றில் வழுக்கி, அம்பாள் சாயப் பார்த்தாள். அன்றிரவு ஜமீன்தார் சாப்பிடவில்லை. அதன் பிறகுதான் இந்தக் காருக்குச் சொல்லி அனுப்பினார். கிரீடத்தோடு அம்பாள் அமர்வதற்காகக் கூரை உயரம். உற்சவ விக்கிரகத்தை ஏற்ற இறக்கக் கதவு அகலம். அம்பாள் விலங்குத் தோலில் உட்காரலாகாது என்பதற்காக வெல்வெட்.

கார் வந்த அன்று அம்பாளைத்தான் முதலில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு ஜமீன்தார் எங்கே போனாலும் ஓட்டுநருக்குப் பக்கத்தில் முன்னால்தான் உட்கார்ந்தார். பின்னால் யாரும் ஏறக் கூடாது என்று அவர் சட்டம் எதுவும் போடவில்லை. அந்தச் சட்டத்தை ஆவுடையப்பர் தமக்குத் தாமே போட்டுக்கொண்டார்.

கருவறைப் பக்கம் போகும் உரிமை இல்லாத குடியில் பிறந்தவர் அவர். தீர்த்தவாரி அன்று மட்டும் அம்பாள் அவருக்கு மூன்றடி பின்னால் அமர்ந்திருப்பாள். தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் அவள் முகம் முழுசாகத் தெரியும். அந்தப் பன்னிரண்டு மைலுக்காக மீதி வருடம் முழுவதும் காரைத் துடைத்தார்.

ஊரில் சிரித்தவர்கள் உண்டு. டீக்கடை செல்லையா தினமும் ஏதாவது சொல்லுவான்.

"என்ன அண்ணாச்சி, காருக்கு அபிசேகம் ஆச்சா? நைவேத்தியம் என்ன, பெட்ரோலா, ஆயிலா?"

"இன்னைக்கு ரேடியேட்டருக்குத் தீர்த்தம் மட்டுந்தான்வே" என்று ஆவுடையப்பரும் சிரித்துக்கொண்டே டீயை வாங்கிக்கொள்வார்.

அவர் மனைவி பூரணத்தம்மாளும் விடமாட்டார். "அம்பாள் வருசத்துக்கு ஒரு நாள்தான் வாரா. நீங்க தெனமும் அவ வீட்டுலதான் இருக்கிய. நான் ஒருத்தி இங்க சோத்த வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்." கோபமாகச் சொல்வதில்லை. சொல்லிவிட்டு, பின் இருக்கை துடைக்கும் துணியைத் தனியாக அலசிக் காயப்போடுவார். அந்தத் தம்பதியருக்குப் பிள்ளை இல்லை.

ஜமீன்தார் காலமானார். பிறகு ஜமீன்களும் போயின. அரண்மனையில் ஜமீன்தாரின் மனைவி வெள்ளைத்துரைச்சி நாச்சியாரும் இரண்டு வேலைக்காரிகளும் மிஞ்சினார்கள். ஆவுடையப்பருக்குச் சம்பளம் நின்றது. அவர் பகலில் செக்கடியில் புண்ணாக்கு மூட்டை தூக்கினார். விடியற்காலையில் கார் துடைத்தார். அவருடைய கை பட்டுக்கொண்டே இருந்ததால் காருக்கு வயதே ஆகவில்லை. வெல்வெட்டில் ஒரு நூல் பிரியவில்லை.

அதைக் கேள்விப்பட்டு சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். பழைய கார்களைத் தேடி வாங்குகிறவர். சுற்றிச் சுற்றி வந்து, "இந்த மாதிரி பாடி உலகத்துல இது ஒண்ணுதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, பின்கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார்.

"ஐயா, அங்க ஆள் இருக்கு" என்றார் ஆவுடையப்பர்.

வந்தவர் சட்டென்று காலை எடுத்துவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. பிறகு ஆவுடையப்பரின் முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் ஏற முயலவில்லை. நாச்சியாரும் விற்கச் சம்மதிக்கவில்லை.

இந்தச் செய்தி ஊரில் பரவியது. கேலி செய்தவர்களும் அவரை வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கினார்கள். தம் பக்தியில் பிழை ஏதும் இல்லை என்று அவரும் நம்பியிருந்த காலம் அது.

ஒரு சித்திரை மாத மத்தியானத்தில் பூரணத்தம்மாளுக்கு வயிற்றுவலி கண்டது. முதலில் சூடு என்று வெந்தயத்தை விழுங்கினார். சாயங்காலத்துக்குள் நிமிர முடியவில்லை. காய்ச்சல் அனலாக அடித்தது. காலைச் சுருட்டிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தால் மட்டுமே கொஞ்சம் பொறுக்க முடிந்தது. ஆஸ்பத்திரி பத்து மைலுக்கு அப்பால். கடைசி பஸ் போய்விட்டது.

நாச்சியார் தாமே கொட்டகைக்கு வந்தார். "கார எடு ஆவுடை. பெட்ரோல் ரெண்டு டின் இருக்கு. அவளப் பின்னால படுக்க வச்சுக் கூட்டிட்டுப் போ."

"முன்னாலயே உக்கார வச்சிக்கிடுதேன் நாச்சியார்."

"அவளால உக்கார முடியலயேப்பா."

"அது அம்பாள் இடம்" என்றார் ஆவுடையப்பர்.

அம்பாள் பெயரைச் சொன்ன பிறகு நாச்சியார் என்ன சொல்வார்?

பூரணத்தம்மாளை முன் இருக்கையில் ஏற்றினார்கள். வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அவர் முன்னால் சரிந்தார். ஆவுடையப்பர் இடக்கையால் அவரைத் தாங்கிக்கொண்டு வலக்கையால் ஓட்டினார். கியர் மாற்ற வேண்டுமானால் அவரை விட வேண்டும். விட்டால் அவர் விழுந்துவிடுவார். அதனால் வண்டி மாட்டு வண்டி வேகத்தில் போயிற்று. நாலைந்து இடங்களில் நிறுத்தி, அவரைத் தூக்கி நிமிர்த்தி வைத்தார்.

பாதி வழியில் அந்த அம்மையார் கேட்டார்: "நான் பின்னால கொஞ்சம் சாஞ்சுக்கிடட்டுமா?"

"கொஞ்சம் பொறுத்துக்க புள்ள. இந்தா வந்துட்டு."

அவர் மறுபடி கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி விளக்கு தெரிகிற தூரத்தில் அவர் தலை ஆவுடையப்பரின் தோளில் விழுந்தது. குடல்வால் வெடித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். "ஒரு மணி நேரம் முன்னால வந்திருந்தா பார்த்திருக்கலாம்." அவர் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. எல்லோரிடமும் சொல்வதைப் போலத்தான் சொன்னார்.

திரும்பும்போதும் பூரணத்தம்மாளின் உடல் முன் இருக்கையிலேயே வந்தது.

இதற்காக ஊர் அவரைத் திட்டியிருந்தால் ஆவுடையப்பர் தாங்கியிருப்பார். ஊர் அவரைப் புகழ்ந்தது. பெண்டாட்டி உயிர் போகும்போதும் அம்பாள் இடத்தை விட்டுக்கொடுக்காத அடியார் என்று பேசிக்கொண்டது. அந்த வருடத் தீர்த்தவாரியில் கோயில் தர்மகர்த்தா சிதம்பரநாத முதலியார் அவருக்குப் பட்டுத் துண்டு போர்த்தினார்.

"ஆவுடையப்பா, நாயன்மார் காலத்துல பொறந்திருக்க வேண்டிய ஆளுய்யா நீ. நாங்கள்லாம் வாயால சொல்லுதோம். நீ செஞ்சு காட்டிட்ட."

ஆவுடையப்பர் தலைகுனிந்து நின்றார். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். கோயில் வாசலில் இருந்த ஒரு கிழவரிடம் அந்தப் பட்டைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அம்பாளிடம் அவருக்குக் கோபம் இல்லை. அவள் கேட்டு அவர் கொடுக்கவில்லை. யாருமே கேட்காததை, தாமாகவே, பூரணத்திடமிருந்து எடுத்துக் கொடுத்தார். அது பக்தியா, பிடிவாதமா என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்காமலே விடியற்காலையில் எழுந்து குளித்தார், திருநீறு பூசினார், காரைத் துடைத்தார். பின் இருக்கைத் துணியை இப்போது தாமே அலசிக் காயப்போட்டார். பக்தி குறையவில்லை. ஆனால் தீர்த்தவாரி நாள்களில் தலைக்கு மேலிருந்த கண்ணாடியை நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டார்.

இப்படிச் சில ஆண்டுகள் கழிந்தன.

ஓர் ஐப்பசியில், வழக்கம்போல அம்பாளைப் பின் இருக்கையில் மரப் பீடத்தின்மேல் அமர்த்தி, பட்டுக் கயிற்றால் கட்டி, தீர்த்தவாரிக்குப் புறப்பட்டார்கள். முதலியாரும் மேளக்காரர்களும் முன்கூட்டியே ஆற்றங்கரைக்குப் போய்விட்டனர். காரில் ஆவுடையப்பரும் சங்கரலிங்க பட்டரும் மட்டும். உச்சிப் பொழுதுக்குள் அம்பாள் நீராட வேண்டும்.

கருவேலங்காட்டைத் தாண்டும்போது சாலையின் நடுவில் சிலர் நின்றார்கள். கரிமூட்டம் போடுகிறவர்கள், உடம்பெல்லாம் கரி. ஒரு கயிற்றுக் கட்டிலை இறக்கி வைத்திருந்தார்கள். கட்டிலில் ஒரு பெண் கிடந்தாள். பெயர் மாடத்தி. இரண்டு நாளாகப் பிள்ளை வரவில்லை. தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தவர்கள், சாமி கார் என்று தெரிந்ததும் தாங்களாகவே கட்டிலை ஓரத்துக்கு இழுத்தார்கள். மாடத்தியின் தாய் காரைப் பார்த்துக் கும்பிட்டாள். நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஆவுடையப்பர் நிறுத்தினார்.

"என்ன ஓய், நேரமாறதே" என்றார் பட்டர்.

"சாமி, அம்பாள நீங்க மடியில வச்சுக்கிடுங்க. பின்னால இடம் வேணும்."

"என்ன சொல்றீர்? பிரசவ வேதனைக்காரியை அம்பாள் இடத்திலயா? ஆகமத்தில..."

"ஆகமம் எனக்குத் தெரியாது சாமி. அந்தப் பிள்ளைக்கு நேரம் இல்ல. அது தெரியும். நான் அம்பாளத் தொடக் கூடாது. தொட உங்களுக்குத்தான் கை இருக்கு. சீக்கிரம்."

பட்டர் கட்டிலைப் பார்த்தார். அவருக்கும் பெண் பிள்ளைகள் உண்டு. இறங்கிப் போய்ப் பட்டுக் கயிற்றை அவிழ்த்தார். அம்பாளை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவந்து முன் இருக்கையில் அமர்ந்து மடியில் வைத்துக்கொண்டார். பீடத்தைச் சாலையோரத்தில் இறக்கி வைத்தார்கள். மாடத்தியைப் பச்சை வெல்வெட்டில் கிடத்தினார்கள். தாய் அவள் தலைமாட்டில் குந்திக்கொண்டாள்.

"ஏ தாயே, துணியெல்லாம் கெட்டுப்போவுமே" என்றாள் அந்தத் தாய்.

"கெட்டாப் போவட்டும். பிள்ளையப் பிடிச்சிக்கோ" என்றார் ஆவுடையப்பர்.

அந்தக் காரை அவ்வளவு வேகத்தில் யாரும் ஓட்டியதில்லை. ஆவுடையப்பரின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. பின்னாலிருந்து முனகல் கேட்கும்போதெல்லாம் அவர் உதடு அசைந்தது. மந்திரம் சொல்கிறார் என்று பட்டர் நினைத்தார். கூர்ந்து கேட்டபோது, "பொறுத்துக்கன்னு சொல்ல மாட்டேன், பொறுத்துக்கன்னு சொல்ல மாட்டேன்" என்பதாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றதும் நர்ஸ் ஓடி வந்தார். இறக்க நேரமில்லை. பின் இருக்கையிலேயே பிள்ளை பிறந்தது. பெண். தாயும் பிழைத்தாள்.

ஆற்றங்கரையை அவர்கள் அடைந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. முதலியார் காரின் உள்ளே பார்த்தார். நடந்ததைப் பட்டர் சொன்னார். முதலியாரின் முகம் கறுத்தது.

"பெண்டாட்டிக்குக் கொடுக்காத இடத்த எவளோ ஒரு கரிக்காரிக்குக் கொடுத்திருக்க. ஒனக்குப் புத்தி கித்தி பிசகிட்டா? அம்பாள் இடத்தப் பிள்ள பெத்துப் போட்ட எடமா ஆக்கிட்டியே."

அதில் முதல் வாக்கியம் ஆவுடையப்பருக்குச் சரியாகவே பட்டது.

நேரம் தவறியே அம்பாள் நீராடினாள். அந்தக் காரில் இனி அம்பாள் ஏற மாட்டாள் என்று முதலியார் அறிவித்தார். ஆள் பிடித்து, தோளில் சுமந்து அம்பாளை ஊருக்குக் கொண்டு போனார்கள். ஆவுடையப்பர் வெறும் காரை ஓட்டிக்கொண்டு பின்னால் மெதுவாக வந்தார். முன்பு புகழ்ந்தவர்கள் வழியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். செல்லையா மட்டும் கடையிலிருந்து இறங்கி வந்து, "டீ குடிச்சிட்டுப் போங்க அண்ணாச்சி" என்றான். அவன் குரலில் கேலி இல்லை.

மறுநாள் கோயிலில் ஊர் கூடியது. காரை விற்றுவிட வேண்டும், ஆவுடையப்பர் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது என்று முதலியார் சொன்னார். நாச்சியார் மறுத்துப் பேசினார். முடிவு ஏற்படவில்லை. கடைசியில் பட்டர் எழுந்தார்.

"நானும் கூட இருந்தவன். தப்புன்னா எனக்கும் பங்கு உண்டு. நம்ம ஊர் வழக்கம் இருக்கே, பூவாக்கு. அவளையே கேட்டுடுவோம்."

அந்த ஊரில் பெரிய காரியங்களுக்கு அப்படித்தான் கேட்பார்கள். அம்பாளின் இரண்டு தோள்களிலும் நனைத்த அரளிப்பூவை ஒட்டி வைத்துக் கேள்வியைச் சொல்வார்கள். எந்தப் பக்கத்துப் பூ முதலில் விழுகிறதோ அதுவே அம்பாள் வாக்கு. அதற்குமேல் யாரும் பேச மாட்டார்கள்.

பட்டர் பூக்களை ஒட்டினார். "தாயே, உன் இருக்கை தீட்டுப்படவில்லை என்றால் வலப்பூவைக் கொடு. தீட்டுப்பட்டது என்றால் இடப்பூவைக் கொடு."

கற்பூரம் எரிந்தது. ஆவுடையப்பர் கொடிமரத்துக்கு அப்பால் நின்றிருந்தார். கற்பூரம் அணையும் தறுவாயில் வலத்தோள் பூ நழுவியது. அம்பாளின் கைமேல் பட்டு, பாதத்தில் விழுந்தது.

பெண்கள் குலவையிட்டார்கள். பக்கத்தில் நின்றவர்கள் ஆவுடையப்பரைத் தட்டிக்கொடுத்தார்கள். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். மகிழ்ச்சியில் உட்கார்ந்தார் என்று நினைத்தார்கள். பூவை எடுத்துக்கொண்டு பட்டர் அவரிடம் வந்தபோது அவர் கேட்டார்:

"சாமி, இப்பத் தீட்டு இல்லன்னா, அப்பமும் தீட்டு இல்லதானே?"

"எப்போ ஓய்?"

"பூரணத்தக் கூட்டிக்கிட்டுப் போனப்ப."

பட்டர் கையிலிருந்த பூவைப் பார்த்தார். பிறகு, "அதையும் கேட்கட்டுமா?" என்றார்.

"வேண்டாம் சாமி. சொல்லிட்டா."

முதலியாருக்கு ஒரு தயக்கம் மீதி இருந்தது. பொல்லாதவர் அல்லர், பழகியதை மாற்றத் தெரியாதவர். "தீட்டு இல்லன்னு அம்மா சொல்லிட்டா, சரி. ஆனா பிள்ள பொறந்த எடத்துல மறுபடி அவள எப்படி உக்கார வைக்கது? மனசு ஒப்பலயே."

"உம்ம மனசை விடும். அவள் எங்கே உட்காருவாள்னு அவளே சொல்லட்டும்" என்று பட்டர் மீண்டும் பூக்களை நனைத்தார். பின்னால் என்றால் வலப்பூ. ஆவுடையப்பருக்குப் பக்கத்தில், முன்னால் என்றால் இடப்பூ. இப்படி ஒரு கேள்வி ஏன் அவர் வாயில் வந்தது என்று அவருக்கே பின்னாளில் தெரியவில்லை.

இந்த முறை காத்திருக்க நேரவில்லை. கற்பூரம் ஏற்றுமுன்பே இடப்பூ விழுந்தது.

அதன் பிறகு ஒவ்வோர் ஐப்பசியிலும் மரகதவல்லி அம்பாள் பட்டர் மடியில், ஆவுடையப்பருக்குப் பக்கத்தில், முன் இருக்கையில்தான் ஆற்றுக்குப் போனாள். கருவறையை நெருங்க உரிமை இல்லாதவரின் தோளை அவள் பட்டுப் பாவாடை உரசிக்கொண்டு வந்தது. பின் இருக்கை மற்ற நாள்களில் சுற்றுவட்டாரத்து நோயாளிகளுக்கு ஆயிற்று. பாம்பு கடித்தவர்கள், பனையிலிருந்து விழுந்தவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லோரும் அந்த வெல்வெட்டில் படுத்துப் போனார்கள். பலர் பிழைத்தார்கள். வெல்வெட் நைந்து கிழிந்தது. உலகத்தில் ஒன்றே ஒன்றான அந்தக் கார் வயதான காராக ஆனது. ஆவுடையப்பர் அதற்காக வருந்தவில்லை.

அவருடைய வருத்தம் ஒன்றே. யாராவது அவர் பக்தியைப் புகழ்ந்தால், "நான் மொதல்ல ஏத்தியிருக்க வேண்டிய ஆளு ஒண்ணு உண்டு" என்பார். வேறு எதுவும் சொல்லமாட்டார்.

அவர் காலமானது ஒரு தீர்த்தவாரி நாளில். அம்பாளைக் கோயில் வாசலில் இறக்கிய பின், ஸ்டியரிங்கில் தலை சாய்த்தவர் நிமிரவில்லை. ஊர் கூடி அவரைப் பின் இருக்கையில் கிடத்தியது. முதலியார்தான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். கோயிலுக்குள் போகத் திரும்பிய பட்டர், அம்பாளை ஏந்தியபடியே நின்றார். அன்று அவர் மடியில் முழு வழியும் அமர்ந்து வந்த அம்பாளின் இடத்தோளில், ஆவுடையப்பர் பக்கத்தில் அமர்வேன் என்று முன்பு பூக்கொடுத்த அதே தோளில், யாரும் சாத்தாத ஓர் அரளிப்பூ ஈரத்தோடு ஒட்டியிருந்தது. அவர் அதை எடுத்து ஆவுடையப்பரின் நெஞ்சில் வைத்தார்.

தாம் செய்த பிழையைப் புகழுக்குள் ஒளித்துக்கொள்ளாத அந்த எளியவரை அம்பாள் அறிந்திருந்தாள். அவளோடு சேர்த்து நாமும் அவரை ஒருமுறை நினைத்துக்கொள்வோம்.